பரணில் இருக்கும் பாதி

மன்னவனூர் பஸ்ஸில் ஏறிப் பூம்பாறைக்கு டிக்கெட் எடுத்தால், கொடைக்கானலின் ஏரியும் வாடகை சைக்கிளும் சாக்லேட் கடைகளும் அப்சர்வேட்டரி தாண்டியதும் முடிந்துபோகும். அதற்கு மேல் பைன், யூகலிப்டஸ், வாட்டில் என்று காடுதான். ஒரு வளைவில் அந்தக் காடு சட்டென்று விலகுகிறது. கீழே பள்ளத்தாக்கு முழுக்கப் படிப்படியாக வெட்டிய வயல்கள். பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ். நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு ஊர். சுற்றுலா வேன்கள் அந்த வளைவோடு நின்று, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகின்றன. பஸ் நிற்பதில்லை, நேரே ஊருக்குள் இறங்குகிறது.

பழைய ஊர். கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பழனி மலையை அளக்க 1821-ல் வார்டு என்ற லெப்டினன்ட் ஏறி வந்தபோதே மேல்மலைக் கிராமங்கள் இங்கே வெள்ளாமை செய்துகொண்டிருந்தன. கொடைக்கானல் என்ற நகரம் அப்போது இல்லை. குழந்தை வேலப்பர் கோவில் சிலை போகர் செய்தது என்கிறார்கள். அருணகிரிநாதரைக் காக்க முருகன் இங்கே குழந்தையாக வந்தான் என்றும் சொல்கிறார்கள். கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். நான் வந்தது வேறு காரியமாக. ஒரு வீட்டுப் பரணில் கொஞ்சம் கடிதங்கள் இருப்பதாக நண்பர் ஒருவர் சொல்லியிருந்தார்.

கைபேசியில் இன்னொரு வீட்டின் கடிதங்களும் என்னோடு வந்திருந்தன. 1864-ல் நியூயார்க்கில் ஹர்ட் அண்ட் ஹாட்டன் வெளியிட்ட புத்தகம் அது. டேவிட் காய்ட் ஸ்கடர் என்ற அமெரிக்கப் பாதிரியாரின் வாழ்க்கையும் கடிதங்களும். தொகுத்தவர் அவருடைய தம்பி ஹோரஸ் ஸ்கடர். இந்தப் பெயரைக் கேட்டதும் நம்மவர்களுக்கு வேலூரும் ஐடா ஸ்கடரும் நினைவுக்கு வருவார்கள். இது அந்தக் குடும்பம் அல்ல, பாஸ்டனில் வணிகம் செய்த வேறொரு வீடு. எழுதுகிற வீடும்கூட. ஹோரஸ் பின்னாளில் ‘அட்லாண்டிக் மன்த்லி’ இதழுக்கு ஆசிரியராக இருந்தவர். குழந்தைகளுக்குக் கதை எழுதியவர். டென்மார்க்கின் ஹான்ஸ் ஆண்டர்சனோடு ஆண்டுக்கணக்கில் கடிதம் எழுதி, அவருடைய கதைகளை வாங்கித் தன் சிறுவர் பத்திரிகையில் போட்டவர். இன்னொரு சகோதரர் சாமுவேல், வண்ணத்துப்பூச்சிகளை ஆராய்ந்து பெயர் பெற்றவர்.

டேவிட் வேலை பார்த்த ஊர் பெரியகுளம். இந்த மலைத்தொடரின் தெற்கு அடிவாரம். கொடைக்கானலுக்கு வண்டிப்பாதை இல்லாத காலத்தில் வெள்ளைக்காரர்கள் பெரியகுளம் பக்கமிருந்துதான் ஏறினார்கள். கும்பக்கரை, வெள்ளகவி வழியாகச் செங்குத்துப் பாதை. துரைமார் குதிரையிலும் துரைசானிகள் டோலியிலும். டோலியைத் தூக்கியவர்கள் பெயர் எந்தக் கடிதத்திலும் இருக்காது.

கொடைக்கானலே ஒரு பயத்தில் பிறந்த ஊர். அமெரிக்க மிஷன் 1816-ல் யாழ்ப்பாணத்தில் வேரூன்றி, 1834-ல் அங்கிருந்து ஆள் அனுப்பி மதுரையில் கிளை தொடங்கியது. சமவெளியின் காய்ச்சலிலும் காலராவிலும் அடுத்தடுத்துச் சாவு விழுந்தது. கல்லறைகள் கூடக் கூட, 1845-ல் மலைமேல் இரண்டு பங்களாக்கள் கட்டிக்கொண்டார்கள். சன்னிசைடு, ஷெல்டன். கொடைக்கானலின் தொடக்கம் அந்த இரண்டு வீடுகள்தான். பூம்பாறையில் உட்கார்ந்து அமெரிக்கக் கடிதங்களைப் படிக்கிறவனுக்கு நடுவில் யாழ்ப்பாணம் வந்து நிற்பது எனக்குத் தற்செயலாகப் படவில்லை. இந்த மலைக்கு வந்தவர்களில் பலர் இலங்கையைத் தொட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள்.

டேவிட் 1835-ல் பிறந்தவர். படித்தது வில்லியம்ஸ் கல்லூரி. 1806-ல் அதே கல்லூரி மாணவர்கள் சிலர் மழைக்கு ஒரு வைக்கோல்போர் ஓரம் ஒதுங்கி நின்று செய்த பிரார்த்தனைதான், நாலு வருடத்தில் அமெரிக்க மிஷன் சங்கமாக உருவெடுத்தது. அடிமை முறையைச் சங்கம் வெளிப்படையாகக் கண்டிக்கவில்லை என்று கோபப்பட்டவர்கள் பிரிந்துபோய் 1846-ல் தனிச் சங்கம் கண்டார்கள். நாடு இரண்டாகப் பிளப்பதற்குப் பதினைந்து வருடம் முன்பே சபை அந்தப் பிளவைப் பார்த்துவிட்டது. டேவிட் வளர்ந்தது இந்தச் சண்டையின் நடுவில். ஆனாலும் அவர் மனம் தெற்கு மாநிலங்களில் இல்லை, தென்னிந்தியாவில் இருந்தது. கப்பல் ஏறுமுன்பே அமெரிக்காவில் உட்கார்ந்து தமிழ் படித்தார். இந்துத் தத்துவம் பற்றி நீண்ட கட்டுரை ஒன்றும் எழுதினார்.

1861 தொடக்கத்தில் ஹாரியட் டட்டன் என்ற பெண்ணை மணந்துகொண்டு மார்ச் மாதம் பாஸ்டனில் கப்பல் ஏறினார். நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வரும் பாய்க்கப்பல். ஏப்ரல் 12-ம் தேதி சம்டர் கோட்டையில் பீரங்கி வெடித்து அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியபோது அவர்கள் நடுக்கடலில் இருந்தார்கள். புறப்பட்ட நாடு ஒன்று. கரை இறங்கியதும் கேள்விப்பட்ட நாடு வேறொன்று.

அதற்குப் பிறகு நடந்த கடிதப் போக்குவரத்தைக் கணக்குப் போட்டுத்தான் படிக்க வேண்டும். பாஸ்டனில் தபாலில் போடும் கடிதம் நீராவிக் கப்பலில் லிவர்பூல், பிறகு அலெக்சாண்டிரியா, அங்கிருந்து ரயிலில் சூயஸ், மறுபடி கப்பல், சென்னை, கடைசியில் தபால் ஓட்டக்காரர் தோளில் பெரியகுளம். ஏறத்தாழ இரண்டு மாதம். சூயஸ் கால்வாய் வெட்டி முடியவில்லை, கடலடித் தந்தியும் வரவில்லை. ஒரு கேள்வி போய்ப் பதில் வர நாலு மாதம். ‘அம்மாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது’ என்று எழுதுவதில் அர்த்தமே இல்லை. ‘இப்போது’ எது?

போர்ச் செய்தியும் அதே வேகத்தில்தான் வந்தது. 1861 ஜூலையில் புல் ரன் என்ற இடத்தில் வடக்குப் படை தோற்று ஓடிய கதை மதுரைக்கு வருவதற்குள் அங்கே வேறு மாதம், வேறு தளபதி. போரின் இன்னொரு செய்தி மட்டும் கடிதத்துக்காகக் காத்திருக்கவில்லை. அமெரிக்கத் தெற்கின் துறைமுகங்களை வடக்குக் கப்பல்கள் அடைத்ததும் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளுக்குப் பஞ்சு இல்லாமல் போயிற்று. திருமங்கலத்துக்குத் தெற்கே கரிசல் காட்டில் பருத்தி விலை ஏறியது. தூத்துக்குடியில் பொதிகள் குவிந்தன. 1865-ல் போர் முடிந்ததும் விலை விழுந்தது. அமெரிக்கா எங்கே இருக்கிறது என்று அறியாத சம்சாரியின் கையில் அந்தப் போர் காசாக வந்து, கடனாகத் தங்கியது. மிஷன் வரலாறு படிக்கிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு இது பாதிரியார் கடிதங்களைவிடப் பெரிய கடிதமாகத் தெரிகிறது.

1861 டிசம்பர் 15-ல் மதுரையில் பெண் குழந்தை பிறந்தது. மறு வருடம் ஐப்பசி மழை. 1862 செப்டம்பர் 17-ல் அன்டீட்டம் என்ற ஓடைக்கரையில் ஒரே பகலில் செத்தவர்களும் காயம்பட்டவர்களும் காணாமல் போனவர்களுமாக 22,000 பேருக்கு மேல் விழுந்திருந்தார்கள். ஐந்து நாள் கழித்து லிங்கன் அடிமைகளின் விடுதலையை முன்னறிவித்தார். இரண்டு மாதக் கணக்குப்படி அந்தச் செய்தி பெரியகுளத்தை எட்ட வேண்டிய வாரம் நவம்பர் மூன்றாவது வாரம். அந்த வாரம், நவம்பர் 19-ம் தேதி, வெள்ளம் ஓடிய வைகையை நீந்திக் கடக்கப் பார்த்த டேவிட் ஸ்கடர் ஆற்றோடு போனார். வயது 27. குழந்தைக்கு அப்போது பதினொரு மாதம்.

தன் தலைமுறை துப்பாக்கி தூக்கிக்கொண்டு போன நேரத்தில், போரில்லாத ஊரில் பத்திரமாக இருந்தவர் என்று பாஸ்டனில் யாராவது நினைத்திருக்கக் கூடும். அந்தச் சாவு பாஸ்டனுக்குத் தெரிய மறுபடியும் இரண்டு மாதம். அதுவரை அந்த வீட்டில் அவர் உயிரோடுதான் இருந்தார். அவருக்கு எழுதிய கடிதங்கள் கப்பலில் வந்துகொண்டுதான் இருந்திருக்கும். அவர் எழுதிவிட்டுப் போனவை எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்திருக்கும்.

அண்ணன் செத்தபோது ஹோரஸுக்கு 24 வயது. முதல் கதைப் புத்தகம் அந்த 1862-ல்தான் வந்திருந்தது. போர் முடியும் முன்பே அண்ணனின் கடிதங்களைத் தொகுத்து அச்சுக்குக் கொடுத்துவிட்டார். தெருவுக்குத் தெரு குண்டடிபட்டவர்களுக்காகக் கறுப்புக் கட்டியிருந்த நாட்டில், எங்கோ ஓர் ஆற்றில் முழுகியவருக்கு ஒரு புத்தகம். பக்திப் புத்தகம்தான், அந்தக் காலத்து மிஷன் நூல்களின் தோரணை அதில் நிறைய உண்டு. நம்மூர் மனிதர்கள் அதில் வரும் விதமும் எனக்கு உவப்பாக இல்லை. ஆனால் அந்தத் தோரணைக்கு அடியில் ஒரு தம்பி உட்கார்ந்து காகிதங்களை அடுக்கிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துப் படித்தால் புத்தகம் வேறு மாதிரி திறக்கிறது.

அம்மாவும் பிள்ளையும் பாஸ்டன் திரும்பினார்கள். ஜூலியா டேவிடா என்று ஞானஸ்நானம் பெற்ற அந்தக் குழந்தைதான் வைடா டட்டன் ஸ்கடர். வெல்லஸ்லி கல்லூரியில் நீண்ட காலம் இலக்கியப் பேராசிரியர், சோஷலிஸ்ட். 1912-ல் லாரன்ஸ் நகர நெசவாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் மேடை ஏறிப் பேசி, கல்லூரியைச் சங்கடத்தில் மாட்டியவர். 1954-ல் மறைந்தார். மதுரையில் பிறந்த இந்த எழுத்தாளரை மதுரை அறியாது. அவர் 1905-ல் வெளியிட்ட நூல்களில் ஒன்று, சியன்னா நகரத்துக் கேத்தரினின் கடிதங்களை மொழிபெயர்த்துத் தொகுத்தது. கேத்தரின் பதினாலாம் நூற்றாண்டுப் புனிதர். இத்தாலிய நகரங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டிருந்தபோது போப்புக்கும் தளபதிகளுக்கும் கடிதம் எழுதிச் சண்டையை நிறுத்தப் பார்த்தவர். அப்பாவைச் சிற்றப்பா தொகுத்த கடிதங்களில் தேட வேண்டியிருந்த பெண் இன்னொருவர் கடிதங்களைத் தொகுக்கப் போனதை நான் பெரிதாக்க விரும்பவில்லை. ஆனாலும் மனசு அங்கே நின்றுவிடுகிறது.

நண்பர் சொன்ன வீடு ஊரின் மேல்கோடியில் இருந்தது. தகரக் கூரை, மண் அடுப்பு, அடுப்புக்கு மேலே பரண். இங்கே பூண்டைக் கட்டுக்கட்டாகப் பரணில் தொங்கவிட்டுப் புகை காட்டி வைப்பார்கள். ஆறேழு மாதமானாலும் கெடாது. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-ல் புவிசார் குறியீடு வாங்கியதற்கு அந்தக் காரமும் இந்தப் புகையும் காரணம். அந்த வீட்டு அக்கா ஸ்டூல் போட்டு ஏறி, பூண்டுக் கட்டுகளுக்குப் பின்னால் கைவிட்டு, ஒரு துணிமூட்டையை இறக்கினார். நீல ஏரோகிராம்கள். விரித்ததும் காரம் மூக்கில் ஏறியது.

“எங்க அண்ணன் போட்டது தம்பி. ஹட்டன் பக்கம் தோட்டத்துல இருந்து.”

1964 அக்டோபர் 30-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஹட்டன் இருக்கும் இலங்கை மலையகத்தில் நாடற்றவர்களாக்கப்பட்டிருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கணக்கு தலைகளைப் பிரித்தது, குடும்பங்களை அல்ல. ஒரே லயத்தில் அப்பாவுக்கு இந்தியா, கல்யாணமான மகனுக்கு இலங்கை என்று வந்தது. ரயிலில் தலைமன்னார், கப்பலில் ராமேஸ்வரம், மண்டபம் முகாம். சிலருக்கு நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. நிறையப் பேருக்குக் கடை வைக்கக் கடன் என்று எழுதி வறண்ட ஊர்களுக்கு அனுப்பினார்கள். கொழுந்து பறித்த கைக்குக் கடை நடத்த வரவில்லை. குளிருக்குப் பழகிய உடம்பு மலையைத் தேடியது. அப்படிக் கொடைக்கானல் மலைக்கு ஏறியவர்கள் வாட்டில் பட்டை உரிக்கவும் மரம் வெட்டவும் காண்ட்ராக்டர்களிடம் மாட்டினார்கள். முன்பணம் வாங்கியவர்கள் காட்டுக்குள்ளேயே கொத்தடிமையாகக் கிடந்த கதை எண்பதுகளில் வெளியே வந்தது.

அக்கா அப்பா அம்மாவோடு எழுபதுகளில் வந்தவர். அப்போது பன்னிரண்டு வயது. வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தது அவர் ஒருவர்தான்.

“அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். நடுவுல அழுவாரு. அத எழுதமாட்டேன். ‘இங்கே யாவரும் சுகம்’னு போட்டுருவேன்.”

“அண்ணன் என்ன எழுதுவாரு?”

“அவரும் அதத்தான் போடுவாரு.”

1983 ஜூலைக்கு முன்னால் வந்தவற்றையும் பின்னால் வந்தவற்றையும் தனித்தனியாக வைத்துப் பார்த்தேன். முன்னால் வந்தவற்றில் பெயர்களாக நிறைந்திருக்கின்றன. யாருக்குப் பெண் பார்த்தார்கள், யார் வீட்டு மாடு கன்று போட்டது, எந்தக் கங்காணி செத்தான். ஜூலையில் தமிழர்களுக்கு எதிராகக் கொழும்பில் தொடங்கிய கலவரத் தீ நுவரெலியா, பதுளை வரைக்கும் ஏறியது. அதன்பின் சில மாதம் கடிதமே இல்லை. பிறகு வருபவை குட்டை. பெயர்கள் குறைந்துவிடுகின்றன. ‘பயப்பட வேண்டாம்’ என்ற வரி மட்டும் கூடிக்கொண்டே போகிறது. ஒரு தடவை இருந்தால் நிலைமை பரவாயில்லை, மூன்று தடவை இருந்தால் அப்பா அன்றைக்குச் சாப்பிட மாட்டார் என்றார் அக்கா. அங்கே உள்நாட்டுப் போர் நடந்தது. ஆனால் போர் என்ற சொல்லை நான் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. 1984-ல் கப்பலும் நின்றது. அதற்குப் பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும் வழி இந்தத் தாள்தான்.

அம்மா செத்தது ஒரு மார்கழி. கடிதம் ஹட்டன் போய்ச் சேருமுன்பே, ‘அம்மாவுக்கு இருமல் எப்படி, தூதுவளை கொடுக்கவும்’ என்று அண்ணனின் ஏரோகிராம் வந்துவிட்டது. அதை அப்பாவுக்குப் படித்துக் காட்டவில்லை என்றார். பாஸ்டனிலிருந்து பெரியகுளத்துக்கு வந்துகொண்டிருந்த கடிதங்களை நான் அவரிடம் சொன்னேன். “அந்தப் பொண்ணு என்னாச்சு?” என்று கேட்டார். பேராசிரியர் ஆன கதையைச் சொன்னேன். “பெரிய இடம். அதான் புஸ்தகமாப் போட்டுட்டாங்க.”

அவர் சொன்னதில் பாதி சரி. ஹோரஸ் எழுத்தாளர், பதிப்பாளர்களைத் தெரிந்தவர். மலையகத்தில் எழுத்தாளர்கள் இல்லாமல் இல்லை. சி. வி. வேலுப்பிள்ளை தோட்ட மக்களைப் பற்றி எழுதினார். தெளிவத்தை ஜோசப் ஒரு வாழ்நாள் முழுக்க எழுதினார். ஆனால் பிரிந்துபோன வீடுகளின் கடிதங்களை வீட்டுக் கடிதங்களாகவே தொகுத்தவர் யாரும் என் கண்ணில் படவில்லை. கதையாக மாறினால்தான் மதிப்பு என்று நாம் நினைத்துவிட்டோம் போலிருக்கிறது. போரைப் பற்றி நமக்குப் போராளிகள் எழுதியது இருக்கிறது, அகதிகள் சொன்னது இருக்கிறது. ‘பயப்பட வேண்டாம்’ என்று மூன்று தடவை எழுதிய தாள் இல்லை.

மூட்டையைக் கட்டும்போது எனக்கு இன்னொன்று உறைத்தது. அக்காவின் பரணில் அண்ணன் குரல்தான் இருக்கிறது. அக்கா எழுதியவை ஹட்டனில். ஹோரஸ் புத்தகமும் அப்படித்தான், பாஸ்டனுக்கு வந்து சேர்ந்த டேவிட் அதில் பேசுகிறார். பாஸ்டன்காரர்கள் பெரியகுளத்துக்கு எழுதிய போர்க்காலக் கடிதங்கள்தான் எனக்கு வேண்டியவை. எந்த வீட்டிலும் அந்த வீட்டார் எழுதியது இருப்பதில்லை, அடுத்தவர் எழுதியதுதான் இருக்கிறது.

“இதெல்லாம் புத்தகமாப் போடலாமாக்கா?” என்று கேட்டேன்.

“அண்ணன் எழுத்து. அவரத்தான் கேக்கணும்” என்று மகனைக் கூப்பிட்டார். மகன் வாட்ஸ்அப்பில் வீடியோ கால் போட்டான். திரையில் குல்லா போட்ட ஒரு கிழவர். பின்னால் அங்கேயும் பச்சை மலை, அங்கேயும் மூடுபனி. விஷயத்தைச் சொன்னதும் முதலில் புரியவில்லை, புரிந்ததும் சிரித்தார். தங்கச்சி எழுதியதெல்லாம் தகரப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறதாம். அதையும் சேர்ப்பதாக இருந்தால் சம்மதம், தான் எழுதியதை மட்டும் போட்டால் தான் என்னவோ தனியாகப் புலம்பியது போல இருக்கும் என்றார். அப்புறம் நிபந்தனைகள். எண்பத்தேழில் பணம் கேட்டு எழுதிய கடிதம் கூடாது. பெரியம்மா மகனைப் பற்றி எழுதியது கூடவே கூடாது, அவன் பிள்ளைகள் இருக்கிறார்கள். தங்கச்சியின் எழுத்துப் பிழைகளைத் திருத்தக் கூடாது.

“என்ன பிழை? நான் எங்க பிழை விட்டேன்?” என்று அக்கா போனைப் பிடுங்கிக்கொண்டார்.

“சுகம்ங்கறத எத்தன வருசம் ‘சுகாம்’னு எழுதுன? பெட்டியத் தொறந்து காட்டவா?”

காட்டச் சொன்னார் அக்கா. அவர் பெட்டியை எடுக்க எழுந்து போனார். ஒவ்வொரு கடிதமாகக் காமிரா முன்னால் பிடிக்க, இங்கிருந்து அக்கா மறுத்துக்கொண்டே இருந்தார். எனது கடைசி பஸ் அதற்குள் போயிருந்தது.